பழைய ஹோஸைப் பார்த்துப் புது ஹோஸ் அடிக்காதீர்கள்

முன்னால் அள்ளித் தூக்கும் கையும் பக்கெட்டும், அதாவது லோடர், வைத்த குட்டி டிராக்டர் வீட்டில் நின்றால், அதற்கு அழுத்தத்தோடு எண்ணெய் கொண்டுபோகிற ஹைட்ராலிக் ஹோஸ் என்றைக்காவது ஒருநாள் போகத்தான் செய்யும். போனதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஹோஸைக் கழற்றி, சாக்கில் சுருட்டி, பைக்கின் பின்னால் கட்டி, மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் போட்டு, "இதே மாதிரி ஒண்ணு அடிச்சுத் தாங்க" என்பது. அவரும் டேப் வைத்து அளந்து, அதே நீளத்தில், அதே முனைகளோடு அடித்துத் தந்துவிடுவார். மாட்டினால் வண்டி வேலை செய்யும். ஒரு மழைக்காலம் ஓடும். அப்புறம் மறுபடியும் அதே இடத்தில் பீய்ச்சும்.

அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் குற்றம் ஹோஸில் இல்லை, அது போகிற வழியில் இருக்கிறது. பழைய ஹோஸை அப்படியே நகலெடுத்தால் அதன் கோளாறையும் சேர்த்துத்தான் நகலெடுக்கிறோம். என் வண்டியில் லோடர் ஹோஸ்களை மொத்தமாக மாற்றியபோது கண்ணால் பார்த்ததையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். கையில் கரி படாமல் வேலை வாங்குகிறவர்களுக்கும் உதவும். கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

எங்கள் விளை, அதாவது தோட்டம், கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம். ரப்பர், நேந்திரன் வாழை, ஊடே மரச்சீனி, நாலைந்து மாடு. நிலம் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். கையாலை என்கிற வரப்புச் சுவர்களுக்கு நடுவே உள்ள வழியில் பெரிய டிராக்டர் திரும்பாது. அதனால் 27 குதிரைத்திறன் உள்ள, நான்கு சக்கர இழுவை கொண்ட குட்டி வண்டி. லோடரை வெளிமாவட்டப் பட்டறை ஒன்றில் செய்து மாட்டினோம். இரும்பு வேலையைக் குறை சொல்ல முடியாது, வெல்டிங் எல்லாம் சுத்தம். ஹோஸ் இழுக்கும்போதுதான் அவசரப்பட்டிருக்கிறார்கள். தூக்கும் சிலிண்டருக்குப் போகிற ஹோஸை, லோடரின் கை மடங்குகிற பின்னுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிட்டார்கள். கை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது பிராக்கெட்டின் விளிம்பில் உரசியிருக்கிறது.

போன அன்றைக்கு வண்டியில் இருந்தது எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் பையன். சாணம் அள்ளிக்கொண்டிருந்தான். பக்கெட் நிறைய சாணத்தோடு கை பாதி உயரத்தில் இருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். கை அப்படியே கீழே வந்து விழுந்தது. "அண்ணே, எண்ணெய் மழையா பெய்யுது" என்று கத்தினான். பக்கெட்டுக்குக் கீழே யாரும் நிற்கவில்லை. தூக்கிய கைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான். ஹோஸ் போனால் சுமையைத் தாங்க வேறு ஒன்றும் கிடையாது.

கழற்றிக் கழுவிப் பார்த்தேன். உரசிய இடத்தில் மேல் ரப்பர் ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து மழமழவென்று இருந்தது. அதற்குள்ளே பின்னிய கம்பி செம்பழுப்பாகத் துருப்பிடித்து, அறுந்த நுனிகள் மீன் முள் மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. ஆனால் வெடித்த இடம் அது இல்லை! அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, ஹோஸை முனையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் இரும்பு உறையான ஃபெரூலின் வாயோரம். தேய்ந்த இடத்தில் இறங்கிய தண்ணீர் கம்பிப் பின்னல் வழியாகவே ஊறிப்போய் ஃபெரூலுக்குள் தேங்கி, அங்கே கம்பியை அரித்திருக்கிறது. வெளியே பார்த்தால் ரப்பர் லேசாக உப்பியிருந்ததைத் தவிர ஒன்றும் தெரியாது.

இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. இரண்டு பருவமழையும் இங்கே அடிக்கும். போதாததற்கு உப்புக் காற்று. எங்கள் அத்தானுக்குத் தேங்காப்பட்டணம் பக்கம் தென்னந்தோப்பு. தென்னைக்கு உரம் இறக்க, மட்டை ஒதுக்க என்று வண்டி அங்கேயும் போய்வரும், சில சமயம் ராத்திரி அங்கேயே நிற்கும். கடற்கரை ஓரம் நிற்கும் வண்டியில் ஹோஸை விட முதலில் சாவது ஃபெரூலும் நட்டும்தான். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஃபெரூல் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் நெடுநாள் தாங்கும். அத்தானிடம் சொன்னால் சிரிக்கிறார்.

சரி, ஹோஸுக்கு வருவோம். உள்ளே ஒரு ரப்பர் குழாய், நடுவே இரும்புக் கம்பிப் பின்னல், வெளியே ஒரு ரப்பர் உறை. குலசேகரத்திலும் அருமனையிலும் நாம் ஷீட் அடித்துக் காயப்போடுகிற ரப்பருக்கு இந்த உள்குழாயில் இடம் கிடையாது. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிக் கொழகொழத்துவிடும். அதனால் உள்ளே இருப்பது நைட்ரில் எனும் செயற்கை ரப்பர். ரப்பர் மரத்துக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு இதற்கு வெளியூர் ரப்பரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, கம்பி. ஐரோப்பியக் கணக்கில் ஒரு அடுக்குப் பின்னல் என்றால் 1எஸ்என், இரண்டு அடுக்கு என்றால் 2எஸ்என். அமெரிக்கக் கணக்கில் இவையே எஸ்ஏஇ 100ஆர்1, 100ஆர்2 என்று வரும். 3/8 அங்குல ஹோஸில் 1எஸ்என் 180 பார் வரைக்கும், 2எஸ்என் 330 பார் வரைக்கும் வேலை செய்யலாம். வெடிக்கும் அழுத்தம் இதைப் போல 4 மடங்கு. குட்டி டிராக்டர்களின் ஹைட்ராலிக் அழுத்தம் பொதுவாக 150 முதல் 200 பாருக்குள் இருக்கும். 180 பார் என்றால் சுமார் 2,600 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 30 சொச்சம் பிஎஸ்ஐ என்பதோடு வைத்துப் பாருங்கள். 180 பாரைத் தாண்டாத வண்டிக்கு 1எஸ்என் கணக்குப்படி தாங்கும். ஆனால் லோடர் சும்மா நின்று தூக்குவதில்லை. பள்ளத்தில் சக்கரம் விழும்போது நிறைந்த பக்கெட் குலுங்கினால் அழுத்தம் எகிறும். 2எஸ்என் போடுவதற்கு விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. யோசிக்காமல் அதையே போடுங்கள்.

ஹோஸின் நெடுக ஒரு வரி அச்சிட்டிருக்கும். தரம், அளவு, அழுத்தம், தயாரித்த காலம் எல்லாம் அதில் வரும். 2கியூ19 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் செய்தது. கடையில் ரோலாகத் தொங்குகிற ஹோஸில் இதை முதலில் பாருங்கள். ஜெர்மனியின் டிஐஎன் 20066 தரவிதி, முனை அடித்த ஹோஸை ஆறு வருஷத்துக்கு மேல் ஓட்டாதே, அந்த ஆறிலும் அலமாரியில் கிடக்கும் காலம் இரண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊரில் இந்தக் கணக்கையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆனாலும், புதுசு என்று காசு கொடுத்து வாங்குவது நாலு வருஷப் பழசாக இருக்கக் கூடாதே.

இனி, இந்த வேலையில் எல்லோரையும் அலைய வைக்கும் இடம்: முனைகள். ஹோஸ் எங்கேயும் கிடைக்கும். முனையில் என்ன மரை, என்ன கூம்பு என்று தெரியாமல் போனால்தான் மார்த்தாண்டம் நெரிசலில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் குழாய் மரை, ஜேஐசி எனும் அமெரிக்க வகை, மெட்ரிக், ஜப்பான் வகை என்று நாலும் ஒரே வண்டியில் கலந்து கிடக்கலாம். டிராக்டர் ஒரு நாட்டு வடிவமைப்பு, வால்வு இன்னொரு நாட்டு வடிவமைப்பு, சிலிண்டர் பட்டறையில் செய்தது. எப்படி ஒத்துப்போகும்?

3/8 பிஎஸ்பி ஆண்மரையின் வெளிவிட்டம் 16.66 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 19 மரை. மெட்ரிக்கில் அதற்குப் பக்கத்தில் வருவது 16 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. வித்தியாசம் அரை மில்லிமீட்டரும் சொச்சமும். துருப்பிடித்த முனையில் வெர்னியர் வைத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒன்றில் மற்றதன் நட்டை ஏற்றினால் முதலில் லூசாக ஏறும், அப்புறம் பிடித்துக்கொண்ட மாதிரியும் இருக்கும். அழுத்தம் வரும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால் மரை கேஜ் ஒன்று, அளவுக்கு ஒன்றாகப் பல் வெட்டிய தகடுகளின் கட்டு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரையில் அழுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் வெளிச்சம் ஒழுகாத பல்தான் சரியான பல்.

ஜப்பான் வழி வந்த வண்டிகளில் இதைவிடக் குசும்பான ஒன்று உண்டு. மரை பிஎஸ்பி மரையேதான், கேஜும் ஒத்துக்கொள்ளும். ஆனால் பிஎஸ்பி ஆண்முனையில் கூம்பு உள்ளே குழிவாக இருக்கும். ஜப்பான் 30 டிகிரி ஃபிளேரில் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரை ஏறிவிடும், கூம்பு உட்காராது. எவ்வளவு இறுக்கினாலும் கசியும். அந்தக் கசிவை நிறுத்த ஆட்கள் டெஃப்லான் டேப் சுற்றுவார்கள். கூம்பு வைத்த முனையில் எண்ணெயை நிறுத்துவது கூம்போடு கூம்பு உட்காருவதுதான், மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிறது. அங்கே டேப் சுற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. பிய்ந்த டேப் உள்ளே போய் வால்வில் சிக்கினால் அது தனி வேலை. கூம்பு இல்லாமல் நேராக உடம்பில் ஏறும் பிஎஸ்பி முனைக்கு, உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய இரும்பு வளையமான டவுட்டி வாஷர் போட வேண்டும்.

கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். முனையைக் கையில் வாங்கி ஒரு உருட்டு உருட்டிவிட்டு, "சாரே, இந்தத் தலை பிஎஸ்பி, அந்தத் தலை ஜப்பான். யாரு மாட்டினது?" என்றார். பழைய ஹோஸைக் கொண்டுபோவதே முனை பார்க்க மட்டும்தான். நீளத்தையும் வளைவையும் வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு முரட்டுக் கயிறு போதும். சின்னத் துண்டு ஹோஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. லோடர் கையின் முழு உயரத்தில் எவ்வளவு நீளம் வேண்டும், தரையில் எவ்வளவு, பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்தால் எவ்வளவு, முழுக்க நிமிர்த்தினால் எவ்வளவு என்று நான்கு நிலையிலும் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டயர் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ஹோஸின் நீளம் மாறும். இந்தத் தரத்து ஹோஸ் நூற்றுக்கு 2 வரை நீளலாம், 4 வரை சுருங்கலாம். விறைப்பாக இழுத்துக் கட்டினால் சுருங்கும்போது முனையைத்தான் பிடுங்கும். 3/8 ஹோஸை 130 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. ஃபெரூலை விட்டு வெளியே வந்த உடனேயே வளைப்பதும் கூடாது, கொஞ்ச தூரம் நேராகப் போகவிட வேண்டும்.

என் வண்டியில் தூக்கும் சிலிண்டர் பக்கம் நேர் முனை இருந்தது. ஹோஸ் வெளியே வந்து, உடனே மடங்கி, பிராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த இடத்தில் 90 டிகிரி வளைந்த முனையைப் போட்டதும் ஹோஸ் கையோடு கையாகப் படுத்துக்கொண்டது. பிராக்கெட் பக்கமே போக வேண்டியதில்லை. நீளமும் ஒரு சாண் குறைந்தது. பழைய ஹோஸையே அளவுக்குக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. பட்டறைக்காரர்களிடம் போனில் சொன்னேன். "எல்லா வண்டிக்கும் அப்படித்தான் போடுறோம்" என்றார்கள்.

இரண்டு முனையும் வளைந்தது என்றால் ஒன்றுக்கு மற்றது எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று கோணமும் சொல்ல வேண்டும். கடைக்காரர் அதை என் வாயிலிருந்து வரவைத்துவிட்டுத்தான் மெஷினில் வைத்தார். "கோணம் தப்பினா ஹோஸ் முறுக்கிட்டு நிக்கும் சாரே, அப்புறம் நட்டு தானா கழலும்." அச்சிட்ட அந்த வரி முறுக்காமல் நேராக ஓடுகிறதா என்று பார்த்தாலே முறுக்கு தெரிந்துவிடும்.

ஃபெரூலை மெஷினில் நசுக்கி இறுக்குகிற கிரிம்பிங் நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். 1எஸ்என்னுக்கு ஒரு ஃபெரூல், 2எஸ்என்னுக்கு வேறு ஃபெரூல். இறுக்கிய பின் எவ்வளவு விட்டம் இருக்க வேண்டும் என்று ஃபெரூல் செய்தவர்களின் அட்டவணை உண்டு. நல்ல கடைக்காரர் அடித்து முடித்ததும் வெர்னியரை வைத்துப் பார்ப்பார். பார்க்காவிட்டால் கேளுங்கள், தப்பில்லை. ஹோஸை வெட்டும்போது கம்பித் தூளும் ரப்பர் தூளும் உள்ளே விழும். காற்று அடித்து ஊதித் தரச் சொல்லுங்கள், இரண்டு முனையும் மூடி வாங்குங்கள். வால்வுக்குள் முன்னும் பின்னும் நகரும் தண்டான ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அதற்குள் ஒரு மணல் போனால் கீறிக்கொண்டே போகும்.

கழற்றுவதைப் பற்றி. பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, லோடர் லீவரை நான்கு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட வேண்டும். அப்படியும் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே, துணி சுற்றி, நட்டை மெதுவாக இளக்க வேண்டும். இரண்டு ஸ்பேனர் கட்டாயம்: ஒன்று நட்டைத் திருப்ப, ஒன்று அந்தப் பக்கத்து நிப்பிளை அசையாமல் பிடிக்க. ஒற்றை ஸ்பேனரால் மல்லுக்கட்டினால் சிலிண்டரின் நிப்பிளே திருகிக்கொள்ளும். துரு இறுகிய நட்டுக்கு முதல்நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் காலையில் இளகிவரும். காய்ச்ச வேண்டாம், எண்ணெய் இருக்கிற இடம்.

கழற்றும் முன் ஒவ்வொரு ஹோஸுக்கும் வால்வுக்கும் ஒரே நிறத்தில் பெயின்ட் புள்ளி. சிலிண்டர் ஹோஸ் இரண்டும் மாறிப்போனால் தூக்கு என்றால் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் பம்பிலிருந்து வால்வுக்கு வரும் லைனும், தொட்டிக்குத் திரும்பும் லைனும், பின்பக்கத் தூக்கிக்குப் போகும் லைனும் மாறிவிடக் கூடாது. எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் போனால் பம்போ வால்வின் உடம்போ உடைந்துவிடும். கீழே வழிகிற எண்ணெய்க்கு மரத்தூள். ரப்பர் மர ஆலைகள் உள்ள ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. எங்கள் ஓடை குழித்துறைத் தாமிரபரணியில்தான் போய்ச் சேர்கிறது, கறுப்பு எண்ணெயை அதில் விட மனசு வராது.

மாட்டியதும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி இறக்க வேண்டும். முதலில் விட்டுவிட்டு, திக்கித் திக்கி ஏறும். உள்ளே காற்று. பத்து தடவை மெதுவாக ஏற்றி இறக்கினால் சரியாகும். எண்ணெய் நுரைத்தால் நிறுத்திவிட்டு, நுரை அடங்கும் வரை ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். பக்கெட்டைத் தரையில் வைத்து டிப்ஸ்டிக் பார்த்து, குறைந்ததை ஊற்ற வேண்டும். பல குட்டி டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான், எனவே கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது.

கசிவு பார்க்கும்போது கையால் தடவவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு 180 பார் வேண்டாம், 7 பாரே போதும் என்கிறார்கள். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்து ஹோஸ் ஓரமாக நகர்த்துங்கள், ஈரம் பட்டால் அங்கேதான். தப்பித்தவறிக் கையில் பட்டுவிட்டால், குத்திய இடம் ஒரு புள்ளி மாதிரி இருக்கும், முதலில் வலிக்கவும் செய்யாது. "ஒண்ணும் செய்யாது" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு ஆட்கள் தூங்கிவிடுவார்கள். உள்ளே போன எண்ணெய் திசுவை அழித்துக்கொண்டே போகும், விரலை எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை வேண்டும். நேரே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். புண்ணைப் பார்த்தால் அவர்களுக்கும் தெரியாது.

உரசும் இடங்களில் பிளாஸ்டிக் ஸ்பைரல் சுற்றியிருக்கிறேன். பலர் பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுற்றுவார்கள், காசில்லாத வேலை. நம் மழைக்கு அது ஆகாது. தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே வர வழியில்லாமல் நிற்கும். உள்ளே ஹோஸ் என்ன ஆகிறது என்றும் தெரியாது. ஸ்பைரலில் இடைவெளி இருக்கிறது, காயும், பார்க்கவும் முடியும். பிளாஸ்டிக் டேக்குக்குப் பதில் உள்ளே ரப்பர் வைத்த இரும்புக் கிளாம்ப். கை மடங்கும் பின்னுக்குப் பக்கத்தில் கிளாம்பே இல்லை, அங்கே ஹோஸ் தன் போக்கில் ஆடட்டும். ஒரு நாள் வேலைக்குப் பிறகு எல்லா நட்டிலும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தோம், ஒன்றிரண்டு லேசாக ஏறியது.

சக்‌ஷன் ஹோஸ் மட்டும் பாக்கி. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகிற அதில் அழுத்தம் கிடையாது, இழுப்புதான். அதனால் சப்பிப்போகாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் வைத்த 100ஆர்4 போட வேண்டும். சாதாரணத் தண்ணீர்க் குழாயைப் போட்டால் இழுப்பில் சப்பி, பம்ப் எண்ணெய் கிடைக்காமல் அலறும். கிளாம்ப் ஓரம் வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது. இந்த அளவில் இங்கே கிடைக்கவில்லை, திருநெல்வேலியில் சொல்லி வைத்திருக்கிறேன். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் முன் வந்தால் மாட்டிவிடலாம்.